மடியில் ஒரு ரேஸ் சக்கரம்

முசிறி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மடியில் புத்தம்புது ரேஸ் கார் சக்கரம் இருந்தது. வெள்ளை வேட்டி, நரைத்த மீசை. பின்சக்கர பிரேக் அளவுக்கு வெட்டிய அட்டையைச் சக்கரத்துக்குள் வைத்துச் சுற்றுவார். இடித்தால் கத்தரியால் ஓரத்தை நறுக்குவார். மறுபடி சுற்றுவார்.

“பையனுக்குங்களா?”

“எனக்குத்தாங்க. பாலக்கரை கடையில காட்டுன பிரேக்கெல்லாம் உள்ள இடிக்குது. சின்னதா போட்டா வண்டி நிக்குமான்னு பயமா இருக்கு.”

“வண்டி என்ன வெயிட்டுங்க?”

“வண்டி இன்னும் வாங்கலைங்க. நிக்கும்னு தெரியாம எப்படி வாங்கறது?”

நியாயமாகத்தான் பட்டது. தலையாட்டினேன். வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். அவர் சொன்னதில் எது தப்பு என்று கேட்டேன்.