கக்கம் பெரிய மிஷின்

என் அக்காவைத் தெருவில் எல்லோரும் பஞ்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முடியிலோ புருவத்திலோ ஒரு பொட்டுப் பஞ்சு ஒட்டியிராமல் அவளை யாரும் பார்த்ததில்லை. தையல்காரர்கள் ஒதுக்கும் துண்டுத் துணிகளை வாங்கி வருவாள். துவைத்து, சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்ப்பாள். அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு, மேலே அந்தச் சதுரங்கள். மூன்றையும் சேர்த்துக் கையாலேயே தைத்துப் போர்வையாக்குவாள். இருபது வருடமாக அதுதான் அவள் பிழைப்பு.

அந்த வருடம் பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸம்மா வீடு தேடி வந்தார். வார்டில் இருபது கட்டில், இருக்கிற போர்வையெல்லாம் நைந்துவிட்டது, குளிர் தொடங்க ஏழு வாரம்தான் இருக்கிறது என்றார். அக்கா யோசிக்காமல் சரி என்று தலையாட்டிவிட்டாள். நர்ஸம்மா போன பிறகுதான் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். மூட்டு வீங்கி, இனிமேல் ஊசி இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"சரின்னு சொல்லிட்டியே, எப்படி முடிப்ப?" என்றேன்.

"ஊருக்கெல்லாம் தைக்கிறேன், என் வாயைத் தைக்கத் தெரியலையே" என்றாள்.

மிஷின் வாங்குவது ஒன்றே வழி. அவள் சேர்த்து வைத்திருந்தது ஒரு மிஷினுக்குத்தான் போதும். விற்றதை மாற்றித் தருவதில்லை என்று கடையில் பலகையே மாட்டியிருந்தார்கள். தப்பான மிஷினை வாங்கிவிட்டால் இருபது பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும்.

வீட்டில் இரண்டு கட்சி உண்டாயிற்று. அத்தான் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவருக்கு எதையும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கனமாக இருந்தால் நல்ல பொருள். அதனால் யானை மார்க் என்றார். அக்கா மகள் செல்போன் கடையில் வேலை செய்கிறவள். அவள் கிளி மார்க் என்றாள்.

"யானை முழுக்க இரும்பு. உன் பேத்தி காலத்துக்கும் ஓடும்" என்றார் அத்தான்.

"அப்பா, கிளியில இருநூறு டிசைன் இருக்கு. பூ, இலை, வாத்து, எல்லாத்தையும் அதுவே தைக்கும்."

"ஆஸ்பத்திரியில வாத்து வேணும்னு யாரு அழுதா?"

அக்கா அவர்களைச் சண்டை போட விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "நாளைக்கு நீ கூட வா. வரும்போது ஒரு வார்த்தை வேண்டிக்கிட்டு வா" என்றாள். விடிந்ததும் வேண்டிக்கொண்டேன். ஆண்டவனே, மிஷினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, உனக்குத் தெரியும், அவள் கையைச் சரியானதன்மேல் கொண்டுபோய் வை என்று.

கடைக்கு நாலு பேரும் போனோம். அக்கா பாதி முடிந்த போர்வை ஒன்றை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். கடைக்காரர் தைத்துப் பார்க்கச் சொல்லி மெல்லிய துணித்துண்டு ஒன்றைக் கொடுத்தார்.

"கைக்குட்டை தைக்கவா தம்பி இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று சொல்லி மூட்டையை அவிழ்த்தாள். போர்வையை ஒரு பக்கமிருந்து பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டினாள். பிறகு இரண்டு மிஷினையும் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். "இதுங்களோட கக்கம் எவ்வளவு?"

கடைக்காரர் முழித்தார். "எதும்மா?"

மிஷினுக்கு மேலே ஒரு கை நீண்டிருக்கும் அல்லவா, அதன் நுனியில்தான் ஊசி. அந்தக் கைக்கு அடியில் இருக்கும் இடத்தைத்தான் அவள் கக்கம் என்றாள். சட்டை தைக்கிறவர்களுக்கு அது பெரிசாக இருந்தாலும் ஒன்றுதான், சின்னதாக இருந்தாலும் ஒன்றுதான். போர்வையின் நடுவில் தைப்பதென்றால் பாதிப் போர்வை சுருண்டு அதற்குள் அடங்க வேண்டும்.

"பதினெட்டு வருஷமா விக்கிறேன்" என்றார் கடைக்காரர். "மோட்டாரைக் கேட்பாங்க, கேரண்டி கேட்பாங்க. கக்கத்தைக் கேட்டவங்க நீங்கதான்."

முதலில் யானையில் உட்கார்ந்தாள். ஓரத்துத் தையல் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போயிற்று. அத்தான் மீசையைத் தடவிக்கொண்டார். உள்ளே போகப் போகச் சுருள் தடித்தது. நடுவுக்கு வருவதற்குள் கைக்கு அடியில் இறுகி நின்றுவிட்டது. நேராக வந்த தையல் கோணிக்கொண்டது.

"தள்ளு, இன்னும் கொஞ்சம் தள்ளு" என்றார் அத்தான்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ண இது என்ன உங்க பஸ்ஸா?" என்று அக்கா போர்வையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

கிளியின் கை நீளம். சுருள் அதற்குள் தூங்கப்போகிற குழந்தைபோல் போய்ப் படுத்துக்கொண்டது. இடம் சரி, பலம் போதுமா என்பதுதான் பயம். நாலு சதுரத்தின் மூலைகள் ஒன்றாகச் சேரும் இடத்தில் தையல் மடிப்புகள் எல்லாம் ஏறி உட்கார்ந்து கட்டியாக இருக்கும். ஊசி அதை நெருங்கும்போது சத்தம் அடங்கிக் கனத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது ஊசி மேட்டை ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

அதன் பிறகு அக்கா நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டாள். கடைக்காரர் வரவழைத்துக் கொடுத்த டீ ஆறிப்போயிற்று. பாபினில் நூல் தீர்ந்தது, அவரே மாற்றிக் கொடுத்தார். வாசலில் இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வரிசை வரிசையாகத் தைத்துக் கடைசி ஓரத்துக்கு வந்து, நூலை அறுத்து, சிரித்துக்கொண்டே எழுந்தாள். போர்வையும் கூடவே எழுந்தது. உதறினாள். விடவில்லை.

அவசரத்தில் சமையலறை ஏப்ரனைக் கழற்றாமலே வந்திருக்கிறாள். மடியில் கிடந்த ஏப்ரன் போர்வைக்கு அடியில் போய், அதையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். நாலு வரிசை. ஏப்ரனின் முன்பக்கப் பை மட்டும் இரண்டு வரிசைக்கு நடுவில் தப்பித்து வாயைத் திறந்துகொண்டு இருந்தது.

மகள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். "சித்தி, அம்மாவையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் குடுத்துடலாம்."

கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. "ரெண்டே நிமிஷம்மா, பிரிச்சுடறேன்."

"பிரிக்காதீங்க தம்பி" என்றாள் அக்கா. "துணி, பஞ்சு, மடிப்பு, அதுக்கு மேல என் ஏப்ரன். அத்தனையையும் ஒரு முனகல் இல்லாமத் தச்சிருக்கே. வீட்டுக்குப் போய் நான் வெட்டிக்கிறேன். இதையே கட்டுங்க."

"அப்ப இருநூறு டிசைனுக்குத்தானே வாங்கறே?" என்றாள் மகள்.

"இருநூறும் உனக்கு. எனக்கு நேர்த்தையல் ஒண்ணு போதும்."

அத்தான்தான் மிஷினைத் தோளில் வைத்துக் கொண்டுவந்தார். "ரொம்ப லேசா இருக்கே" என்று வீடு வரும்வரை நாலு தடவை சொன்னார்.

வீட்டில் ஏப்ரனைக் கத்தரித்து எடுத்தோம். பையை எடுத்தால் தையல் விட்டுவிடும் என்று அதை மட்டும் போர்வையின் பின்பக்கத்திலேயே விட்டுவிட்டாள். ஆண்டவன் கிருபை, கட்டைவிரலுக்கு வேலையே வரவில்லை. குளிர் இறங்க ஐந்து நாள் இருக்கும்போது இருபது போர்வையும் வார்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள் அக்கா. அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

மூன்றாம் நாள் நர்ஸம்மா வந்தார். முகம் சரியாக இல்லை. அக்கா பயந்துபோய், "தையல் விட்டுடுச்சா?" என்றாள்.

"தையல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாலாம் கட்டில் போர்வையில மட்டும் பின்னால ஒரு பை இருக்கே, அதுதான் தொல்லை. எங்களுக்கு ஏன் பை இல்லைன்னு மத்த பத்தொன்பதும் மருந்து குடிக்க மாட்டேங்குது."

"அந்தப் பிள்ளை பையில என்ன வச்சிருக்கு?"

"பிஸ்கட், ஒரு குட்டிக் கார், மூணு நாளா முழுங்கிட்டேன்னு சொன்ன மாத்திரை."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு துண்டுத் துணி மூட்டையை நடுவீட்டில் கவிழ்த்தாள். "பத்தொன்பது பைதானே, நாளைக்கே தரேன். அளவு சொல்லுங்க."

"கார் நுழையணும். மாத்திரை நுழையக் கூடாது."

"அப்படி ஒரு பையை எந்த மிஷின்லம்மா தைக்கிறது?"

"அது உங்க பாடு" என்று சொல்லி நர்ஸம்மாவும் கீழே உட்கார்ந்து துணி பொறுக்க ஆரம்பித்தார்.