இடது பக்கம் சத்தம் குறைவு

போன வருடம் மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காஞ்சிபுரம் செவிலிமேட்டிலிருந்து நானும் என் மனைவியும் பைக்கில் வாலாஜாபாத்துக்குப் போனோம். அங்கே ஒருவர் தன்னுடைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை விற்கப்போவதாக இணையத்தில் போட்டிருந்தார்.

எனக்குப் பாட்டுப் பைத்தியம் உண்டு. அந்த மாதிரி உயர்ரக ஆம்ப்ளிஃபயரைப் புதிதாக வாங்க என் சம்பளத்துக்குக் கட்டாது. பழையது நல்லபடியாகக் கிடைத்தால் உண்டு. அதற்காகவே எதையெல்லாம் பார்த்து விலை போட வேண்டும் என்று மாதக்கணக்கில் படித்து வைத்திருந்தேன்.

விற்பவர் ரைஸ் மில் நடத்தி, அதை மூடியவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பெங்களூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உருப்படியானது என்று அர்த்தம். மூடியைக் கழற்றிக் காட்டினார். பழசானால் உப்பிப்போகிற கெப்பாசிட்டர் எதுவும் உப்பியிருக்கவில்லை. வால்யூமைத் திருகினால் கரகரப்பு இல்லை. பாட்டுப் போடாமல் ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்தேன், இரைச்சலும் இல்லை.

குறையே இல்லாத பொருளில் விலையை எப்படிக் குறைப்பது? நான் பட்டுப் புடவைக் கடை ஒன்றில் கொள்முதல் பார்ப்பவன். குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலையே.

பிறகு நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டார். கேட்க ஆரம்பித்ததுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. இடது பக்கம் இருந்த தவில் சத்தம் பொத்திய மாதிரி வந்தது. லெஃப்ட் சேனல் போய்விட்டது, சொன்ன விலையில் பாதிதான் தர முடியும் என்றேன். என் மனைவி மெதுவாக, "எனக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதாங்க கேக்குது" என்றாள். உனக்கு இதெல்லாம் தெரியாது என்று அவளை அடக்கிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பின்னால் போய் இரண்டு ஸ்பீக்கர் வயர்களையும் இடம் மாற்றிச் செருகினார். ஆம்ப்ளிஃபயரில் குறை என்றால் மங்கல் இப்போது வலது பக்கம் போயிருக்க வேண்டும். அப்போதும் இடது பக்கம்தான் மங்கல். அப்படியானால் ஸ்பீக்கர் கெட்டிருக்கிறது என்று சொன்னேன்.

அவர் என் நாற்காலியைக் காட்டினார். "சார், அப்படியே திரும்பி, சுவத்தைப் பாத்துக்கினு உக்காருங்க."

நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். இவ்வளவு நேரம் மங்கலாக இருந்த ஸ்பீக்கர் இப்போது என் வலது கைப் பக்கம் வந்திருந்தது. அதிலிருந்து சத்தம் கணீரென்று கேட்டது. நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த மற்றதுதான் மங்கிப்போயிருந்தது.

அவர் பாட்டை நிறுத்திவிட்டு வந்து, என் காதருகே இரண்டு விரல்களைத் தேய்த்துக் காட்டினார். வலது காதில் சரசரவென்று கேட்டது. இடது காதில் எதுவும் இல்லை.

முந்தின நாளிலிருந்தே அந்தக் காது அடைத்த மாதிரி இருந்தது, உள்ளே லேசாக ஒரு ரீங்காரம். மழையில் நனைந்ததால் சளி பிடித்திருக்கிறது என்று விட்டிருந்தேன். அதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"என் தம்பியும் சளின்னுதான் சொல்லிக்கினு இருந்தான் சார். ஒரு மாசம் கழிச்சு டாக்டராண்ட போனான். இப்ப அந்தக் காது அவனுக்குச் சுத்தமா இல்ல. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

பைக் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி, தன் காரில் எங்களை ஏற்றிக்கொண்டார். வழி நெடுக யார் யாருக்கோ போன் செய்து, ஞாயிற்றுக்கிழமையிலும் பார்க்கிற காது மருத்துவர் ஒருவரைக் காஞ்சிபுரத்தில் கண்டுபிடித்தார். பின்சீட்டில் என் மனைவி என் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

உள்காது நரம்பு திடீரென்று பாதிக்கப்பட்டிருக்கிறது, உடனே வந்ததால் முயன்று பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். மாத்திரை, ஊசி என்று வாரக்கணக்கில் போனது. ராத்திரியில் வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் உலகமே நின்றுபோன மாதிரி இருக்கும். அந்த நாட்களில் நான் கும்பிடாத சாமி இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கத் தொடங்கியது. முழுதாக அல்ல. மெல்லிய சத்தங்கள் சில அந்தக் காதுக்கு இன்னும் எட்டுவதில்லை. அந்தக் காதில் வைத்துப் போனில் பேச முடிகிறது, மனைவி இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புகிறேன்.

அந்த ஆம்ப்ளிஃபயரை அவர் சென்னையில் யாருக்கோ கொடுத்துவிட்டுப் பெங்களூர் போய்விட்டார். போனில் முதலில் என் காதைப் பற்றி விசாரித்துவிட்டு, அப்புறம்தான் அதைச் சொன்னார். எனக்கு வருத்தமில்லை. இரண்டு காதும் சரியாக இருந்து அதை நான் கேட்கவே இல்லை. அதன் உண்மையான மதிப்பு என்னவென்று இனி எனக்குத் தெரியப்போவதுமில்லை.

நல்ல பொருளைக் கெட்டது என்று சாதித்த ஒருவனிடம், 'இஷ்டமிருந்தா வாங்கு, இல்லாட்டி போ' என்று அவர் சொல்லியிருந்தால் அதில் தவறே இல்லை. அப்படிச் சொல்லாமல் என்னைத் திருப்பி உட்கார வைத்தாரே, அதனால்தான் என் இடது காதில் இன்று விழுகிற ஒவ்வொரு சத்தமும் அவர் கொடுத்தது என்றே நினைத்துக்கொள்கிறேன்.