ஏஞ்சலின் போட்ட கையெழுத்து

இதை எழுதுகிறவன் ஏஞ்சலினின் குரலை முதலில் கேட்டான், அப்புறம்தான் ஆளைப் பார்த்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி இழுக்கும் ஆலை ஒன்று. தெருவிலேயே முதல் டிகிரி வாங்கிய கெத்தோடு ட்ரெய்னியாகச் சேர்ந்த அன்று, காலையில் கடைசி வரிசையில் வலது கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். மைக் கிடையாது. ஆனாலும் பாதுகாப்பு உறுதிமொழியின் ஒவ்வொரு சொல்லும் கம்ப்ரசர் சத்தத்தைத் தாண்டி வந்து காதில் விழுந்தது. எட்டிப் பார்த்தால், முன்னால் ஓர் ஒல்லியான அக்கா. தலையில் மஞ்சள் ஹெல்மெட், கழுத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான ஆரஞ்சு நாடா.

அந்தக் குரல் சும்மா வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கவரைப்பேட்டை பஜார் முனையில் சிவப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு தெருமுனைக் கூட்டத்தில் பேசுவார் ஏஞ்சலின். சட்டசபையில் ஒரு சீட்டும் இல்லாத சின்னக் கட்சி. கேட்க இருபது பேர், இரண்டு நாய், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். எட்டு மணி நேர வேலை யார் போராடி வந்தது, நாற்று நட்ட தன் அம்மா ஞானம்மாவுக்கு ஏன் ஆம்பளைக் கூலியில் பாதிதான் கிடைத்தது என்று ஆரம்பித்தாரென்றால், பஸ் வந்தும் ஏறாமல் நிற்கிறவர்கள் உண்டு.

ஆலையில் கம்பியின் கனம் அளந்து கையெழுத்துப் போடும் வேலை, ஒன்பது வருஷமாக. 2024-இல் பன்னிரண்டு பேரை நிரந்தரமாக்கப் போவதாகப் பட்டியல் தயாரானது. ஏஞ்சலின் பெயர் ஏழாவது. இனி நீல நாடா, முன்வாசல், 'நாளைக்கு வராதே' என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாத வேலை. ஞானம்மா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

மார்ச் நாலு, பாதுகாப்பு தினம். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஐந்து பேர் நாற்காலியில். ஏஞ்சலின் கையில் ஆபீஸ் கொடுத்த தாள். அதில் முதல் வரி, 'அன்பான நம் குடும்ப உறுப்பினர்களே.' முந்தின நாள்தான் மூன்று ஊரில் பேசிய வாய். தாளைப் பார்க்காமலே திறந்துகொண்டது.

"தோழர்களே!"

ஒரு நிமிஷம் ஆளுக்காள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து பேக்கிங் கங்கம்மா, "ஆங், சொல்லு தோழரே!" என்று குரல் கொடுக்க, நானூறு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அதுதான் வரவேற்பு என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

மறுநாள் எச்.ஆர். மேனேஜர் குணாளன் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் அச்சடித்த கடிதம், பக்கத்தில் பேனா, செல்போனில் யாரோ எடுத்த கவரைப்பேட்டைப் பேச்சு.

"வாய் தவறி வந்துடுச்சி சார். அதுக்கு மன்னிப்பு கேட்டுக்கிறேன்."

"அத்த உடும்மா. இத்தப் படி."

படித்தார். இனி எந்த அரசியல் மேடையிலும் பேச மாட்டேன், எந்தக் கட்சியிலும் இருக்க மாட்டேன் என்று இருந்தது. மன்னிப்புக் கேட்கக் குனிந்த தலை நிமிர்ந்துகொண்டது.

"ஞாயித்துக்கெழம என்னுது சார். அன்னிக்கி நான் இன்னா பேசினா கம்பெனிக்கு இன்னா?"

"கம்பெனின்னா அரசியல் கூடாதும்மா. நாம எல்லாரும் ஒரே குடும்பம்."

"குடும்பத்து ஆள ஒம்பது வருசமா பின்வாசல்லயா வரச் சொல்லுவாங்க?" அவர் தலைக்கு மேலே சுவரைக் காட்டினார் ஏஞ்சலின். முதலாளி ஒரு கட்சித் தலைவருக்கு ஆளுயர மாலை போடும் படம். "அது இன்னா சார் மாட்டிகினு கீறீங்க, குடும்ப போட்டோவா?"

குணாளன் திரும்பிப் பார்க்கவில்லை. கெட்ட மனுஷனும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பேஜாரு பண்ணாதம்மா. எனக்கும் மேல ஆள் இருக்கு. கையெழுத்துப் போட்டா உன் பேரு லிஸ்ட்ல நிக்கும். போட்டுட்டு எங்கனா சத்தமில்லாம பேசிக்கோ. யாரு பாக்கப் போறா?"

"சத்தமில்லாம பேச எனக்கு வராது சார். இதுல பொய்க் கையெழுத்து போட்டேன்னு வையி, நாளைக்கி கம்பிக்குப் போடற கையெழுத்த எவன் நம்புவான்?"

நாளை காலை வரை டைம் என்றார் அவர்.

கேன்டீனில் கங்கம்மா பிடித்துக்கொண்டார். "ஒரு கையெழுத்துதானடி! எம்பேரு லிஸ்ட்ல இருந்தா கால் கட்டைவெரல்லகூட ரேகை வெச்சிருப்பேன்."

"எங்கம்மாவ நெனச்சாதான்கா பயமா கீது. ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கு."

"அப்போ போட்டுட்டுப் போயேன்!"

"அதே ஊருதான்கா ஞாயித்துக்கெழம நான் பேசறதையும் கேக்குது."

அன்று ரயிலில் வீடு போகும்வரை கடிதம் மடியிலேயே இருந்தது. ஞானம்மாவிடம் படித்துக் காட்டினார். அவர், "வரப்புல நிக்கவெச்சி, பேசாத பேசாதன்னு என்னைச் சொன்னாங்க. உன்னையுமா?" என்றார். அழுதார்.

மறுநாள் கடிதத்தைக் கொண்டுபோய் வைத்தார் ஏஞ்சலின். அச்சடித்திருந்ததற்குக் கீழே, முத்து முத்தாக அவர் கையெழுத்தில் இரண்டு வரி: 'என் வேலையில் குறை இருந்தால் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். என் கொள்கை உங்களிடம் சம்பளம் வாங்கவில்லை.' அதற்கும் கீழே பெயர், தேதி.

"கையெழுத்து கேட்டீங்களே சார். இந்தாங்க."

பட்டியலை ஒட்டியபோது பதினொரு பெயர்தான் இருந்தது. உறுதிமொழி வாசிக்கிற வேலையும் போயிற்று.

ஏஞ்சலின் இப்போது அதே ஆலையில், அதே கம்பிப் பிரிவில், ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருக்கிறார். நிரந்தரம் கேட்டுத் தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருக்கிறார்; விசாரணை நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கவரைப்பேட்டையில் பேசுகிறார்.