உள்ளே விட்ட துணி

என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதற்கு முந்தின வாரம் மகளுக்கு இரண்டு பள்ளிக்கூடக் கவுன் தைத்தாள். இரண்டிலும் கீழே, உள்பக்கமாக, இரண்டு மடிப்பு வைத்தாள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டால் கவுன் நீளும். எங்கள் பக்கத்தில் வளர்கிற பிள்ளைக்கு யாரும் அளவாகத் தைப்பதில்லை. தைத்து முடித்ததும் மெஷினை விட்டு எழும்பாமலே என்னைக் கூப்பிட்டு, துணியைப் புரட்டிக் காட்டினாள்.

"நல்லா பாத்துக்கோங்க. வார வருஷம் மேல உள்ளதப் பிரிங்க. அடுத்த வருஷம் கீழ உள்ளத. அதுக்குள்ள நா வந்துருவேன்."

"தையல் பிரிக்கிறதுக்கெல்லாம் ஒரு பாடமா? நா ஹார்ட்வெயார் கடையில கதவையே கழட்டி மாட்டுறவன்."

"அதான் பயமா இருக்கு" என்றாள்.

அவள் பயப்பட்டது சரிதான். முதல் மடிப்பைப் பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் எடுத்தேன். சவர பிளேடைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரு நூலை அறுப்பதும் பிறகு எழும்பித் தண்ணீர் குடிப்பதுமாக இருந்தேன். மகள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, அது கவுன். குண்டு இல்ல" என்றாள். வாய் மட்டும் தாயுடையது.

பிரித்த இடத்தில் ஒரு பட்டி தெரிந்தது. மற்ற இடமெல்லாம் எங்கள் ஹந்தானை மலை மழையில் நனைந்தும் அடுப்புக்கு மேலே கட்டின கயிற்றில் காய்ந்தும் மங்கிப்போயிருக்க, மடிப்புக்குள்ளே இருந்த துணி மட்டும் புது வெள்ளையாக இருந்தது. தைத்த கோடும் மடித்த கோடும் எத்தனை தடவை இஸ்திரி போட்டும் போகவில்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவே அவளுடைய மூன்று விரல். மடிப்பென்றால் அவள் டேப் எடுக்கமாட்டாள், விரலை வைத்துத்தான் அளப்பாள். நான் என் விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரலுக்குக் கொஞ்சம் கூட. வெறும் கணக்குக்காகத்தான் பார்த்தேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவேயில்லை.

அடுத்த வருஷம் இரண்டாவது மடிப்பை அரை மணித்தியாலத்தில் பிரித்துவிட்டேன். பாட்டுக்கூடப் பாடினேன். அடுத்து வரவேண்டியது அவள்தானே.

ஆனால் அவளுடைய இரண்டு வருஷ அக்ரிமென்ட் முடிகிற நேரத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குச் சுவர் மட்டும்தான் இருந்தது. மழை உள்ளேயும் பெய்துகொண்டிருந்தது. "கூரையப் போடுற வரைக்கும் இருந்துட்டு வந்துர்றேனே" என்று அவள் ஃபோனில் கேட்டபோது, நான் பெரிய தைரியசாலி மாதிரி "அதுக்கென்ன, தாராளமா" என்றேன். ஃபோனை வைத்ததும் அலுமாரிக்குள்ளே தலையை விட்டுக்கொண்டு நின்றேன்.

"என்னப்பா தேடுறீங்க?"

"சொக்ஸ்."

"கால்ல போட்டிருக்கீங்க."

அதற்குப் பிறகு மகள் வளர்ந்த வேகத்தைப் பார்த்தால் எனக்கு எதிராக யாரோ உரம் போட்ட மாதிரி இருந்தது. முழங்கால் வெளியே வந்தது. நடக்கும்போது கவுனின் கீழ் ஓரத்தை ஒரு கையால் இழுத்து இழுத்து விட்டுக்கொள்வாள். வகுப்பு டீச்சர் ஒரு நாள் கூப்பிட்டு, புது வருஷத்துக்கு வேறு கவுன் போட்டு வரச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சீருடைத் துணி வீட்டில் இருந்தது. கண்டி டவுன் தையல் கடைகளில் டிசம்பர் மாதம் உள்ளே நுழையவே முடியாது, நுழைந்தாலும் கூலியைக் கேட்டால் வெளியே வந்துவிடுவோம். எங்கள் மெஷினோ அவளுடைய பழைய சேலை போர்த்தி மூலையில் சும்மா கிடந்தது. நானே தைக்கிறேன் என்றேன்.

எனக்கு முன் அனுபவம் இல்லாமல் இல்லை. கிழிந்த காற்சட்டைக் காலில் மகளுக்குப் பென்சில் பை தைத்திருக்கிறேன். அதற்குள் பென்சில் போகும், திரும்பி வருவதுதான் கஷ்டம். கட்பீஸில் ரிப்பன் தைத்திருக்கிறேன். எனக்கு ஒரு லேஞ்சி, கைக்குட்டைதான், தைத்தேன். அதற்கு ஐந்து மூலை இருக்கிறது என்று மகள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை முதலாளிக்கு ஃபோன் போட்டு வயிற்றுவலி என்று லீவு கேட்டேன். பொய்யாகச் சொன்ன வயிற்றுவலி, கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் நிஜமாகவே வந்தது. பழைய கவுன் ஒன்றைப் பிரித்துத் துண்டு துண்டாகத் துணி மேல் பரப்பினேன். கடையிலிருந்து கொண்டுவந்த இரும்பு டேப்பால் மகளை அளந்தேன். கழுத்தை அளக்கும்போது அது சர்ரென்று உள்ளே சுருண்டு அவள் காதைத் தட்டியது. வளர்ச்சிக்கு ஏற்ற மாதிரி கூட்டிக் கோடு போட்டு, கோட்டின் மேலேயே, மயிரளவும் பிசகாமல் வெட்டினேன். எங்கள் கடையில் குழாயை அப்படித்தான் வெட்டுவோம். நாலு அடி என்றால் நாலு அடி. வெட்டி முடித்து, நிமிர்ந்து, என் திறமையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் முன் துண்டை எடுத்து நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். பிறகு பின் துண்டை.

"அப்பா, தைக்கிறதுக்குத் துணி எங்க?"

"இதுதான் துணி."

"இல்லப்பா, தையலுக்கு உள்ள போறதுக்கு."

மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் அவள் உள்ளே விட்ட துணியைப் பிரித்துப் பிரித்துத்தான் காலம் ஓட்டினோம். அப்படிப்பட்ட நான் ஒரு நூலளவு உள்ளே விடாமல் வெட்டி வைத்திருக்கிறேன். பாவாடைப் பகுதியை இன்னும் வெட்டாததால் அது தப்பியது. அதிலிருந்து எடுக்கக் கத்தரிக்கோலை மறுபடி தொடத் தைரியம் இல்லை. இனி வாங்கவேண்டும். துண்டைச் சுருட்டிக்கொண்டு, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டபடி டவுனுக்கு பஸ் ஏறினேன்.

மார்க்கெட் மாடியில் கட்பீஸ் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனை நாங்கள் நானா என்போம். அலவத்துகொட ஊர்க்காரர். அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போக ஷட்டரைப் பாதி இழுத்திருந்தார். நான் அதற்கடியில் குனிந்து போனேன்.

"நானா, அவசரம். வெள்ளைத் துணி."

"எந்த வெள்ள? ஸ்கூல் வெள்ளயா, கபன் வெள்ளயா?"

கபன் என்றால் இறந்தவர் உடம்புக்குச் சுற்றுகிற துணி.

"இப்ப இருக்கிற நெலமைக்கு ரெண்டும் வேணும் நானா. ஒண்ணு மகளுக்கு, ஒண்ணு எனக்கு."

அவர் சிரித்து, என் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "எவ்ளோ வேணும்?"

"வெட்டும்போது விட மறந்தது எவ்வளவோ, அவ்வளவு."

"மறந்தது எவ்ளோண்டு செல்லுங்களேன்."

அது தெரிந்திருந்தால் மறந்திருக்கமாட்டேன். கடைசியில் ஒரு நீளப் பட்டியைக் கிழித்துக் கையில் திணித்தார். "இதக் கொண்டு போங்க தம்பி. எனக்கு ஜும்ஆ போயிடும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் மனைவி வீடியோவில் வருவாள். வெட்டின கதையை அவளிடம் சொல்லக்கூடாது என்று மகளுக்கு ஒரு சொக்லேட் கொடுத்து ஒப்பந்தம் செய்திருந்தேன். முகம் திரையில் வந்ததும் மகள் சொக்லேட்டை வாயில் வைத்துக்கொண்டே, "அம்மா, அப்பா கவுன வெட்டிட்டாரு" என்றாள்.

"வெட்டாம எப்படித் தைக்கிறது?"

"இல்லம்மா. கொலை பண்ணிட்டாரு."

"ஏங்க, எங்க காட்டுங்க."

துண்டுகளை ஒவ்வொன்றாக ஃபோனுக்கு முன்னால் பிடித்தேன். அவள் உற்றுப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இஸ்திரிப் பலகையில் குவைத் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகள் அடுக்கியிருந்தன. பிறகு சிரித்தாள். அந்த வீட்டில் சத்தமாகச் சிரிக்க முடியாது போல, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் அந்தத் துண்டுகளைத் திரும்பத் திரும்பக் காட்டினேன். வேண்டுமானால் இன்னும் நாலு கவுனை வெட்டத் தயாராக இருந்தேன்.

"சரி, அழுவாதீங்க" என்றாள். "ரெண்டு பக்கமும் கைக்கு அடியில பட்டி வச்சித் தைங்க. யாருக்கும் தெரியாது. புள்ள கையத் தூக்காம இருந்தா."

"அப்ப டீச்சர் கேள்வி கேட்டா கை தூக்க வேணாமா?" என்றாள் மகள்.

"நீ எப்படியும் தூக்கப் போறதில்ல."

அன்று அவளே சொல்லச் சொல்ல, ஃபோனைத் தேயிலை டப்பாவில் சாய்த்து வைத்து, நான் தைத்தேன். "மெதுவா மிதிங்க, அது சைக்கிள் இல்ல." "ஊசியப் பாருங்க, என்னையப் பாக்காதீங்க." பட்டி ஒட்டியது. மேல் சட்டை ஒரு மாதிரி சட்டையாக மாறியது. பாவாடையையும் வெட்டி, இடுப்பில் சேர்த்தாயிற்று. கீழே துணி நிறைய மிச்சமிருந்தது.

அப்போதுதான், யோசிக்காமல், கடையில் வாடிக்கையாளரிடம் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"எத்தன மடிப்பு வைக்கட்டும்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்பது விளங்கியது. மெஷின் சக்கரத்தில் கை வைத்தபடி இருந்தேன். மகள் சொக்லேட் தாளை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். மனைவி திரையில் அசையாமல் இருந்தாள். சிக்னல்தான் போய்விட்டது என்று நம்பப் பார்த்தேன். ஆனால் அவள் கண் இமைத்தது.

கூரைக்கு இன்னும் தகடு வாங்கவேண்டும். இரண்டு மடிப்பு வைத்தால், இன்னும் இரண்டு வருஷம் அவள் வரமாட்டாள் என்று நானே நூல் போட்டுத் தைத்த மாதிரி. ஒன்றும் வைக்காவிட்டால் வேறொரு கவுனுக்கு மறுபடி கத்தரிக்கோலை எடுக்கவேண்டும். அதை இந்த வீடு தாங்காது.

"ஒண்ணு வைங்க" என்றாள்.

"ஒண்ணா?"

"ஒண்ணுதான். ஆனா நீங்க பிரிக்க வேணாம். நா வந்து பிரிக்கிறேன்."

"எவ்வளவு அகலம்?"

"மூணு விரல்." உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். எழும்பிக்கொண்டே சொன்னாள். "உங்க விரல் இல்ல. என் விரல்."

ஃபோன் அணைந்தது. பிரித்துப் போட்ட பழைய கவுனின் கீழ்த்துண்டைத் தேடி எடுத்தேன். கோடுகள் அப்படியே இருந்தன. தைத்த கோட்டுக்கும் மடித்த கோட்டுக்கும் நடுவே புதுத் துணியை வைத்து, இரும்பு டேப் இல்லாமல், அந்த அகலத்துக்கு ஒரு மடிப்புப் பிடித்தேன். அதற்கும் கீழே மிச்சமிருந்ததை வெட்டிவிட்டேன். இருந்தால் எனக்கு இரண்டாவது மடிப்பு வைக்கத் தோன்றும். ஓரம் கொஞ்சம் பாம்பு மாதிரி போகிறது.

இப்போது மகள் அந்தக் கவுனைத்தான் போட்டுக்கொண்டு போகிறாள். காலையில் வாசற்படி இறங்கும்போது நான் முகத்தைப் பார்ப்பதில்லை, முழங்காலைத்தான் பார்க்கிறேன். இன்னும் மறைந்திருக்கிறது. கொஞ்சம் மெதுவாக வளரச் சொல்லிக் கேட்டேன்.

"அத அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். "சீக்கிரமா வரச் சொல்லி."