மண்ணெண்ணெயில் குளித்த நாள்

நேற்று மகனின் சைக்கிள் செயினை மெக்கானிக் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். அந்த வாசனை வந்ததும் நான் 2008 வாக்கில் போய் நின்றுவிட்டேன். அப்போது என் தலைமுடியே அப்படித்தான் மணக்கும். பூதப்பாண்டி பஸ்ஸில் பக்கத்து சீட் எனக்காகவே காலியாக இருக்கும். என் செல்வாக்கு அப்படி!

நாகர்கோவிலில் ஒரு சின்னப் பட்டறை. டிப்ளமோ முடித்த கையோடு நானும் என்னோடு படித்த ஸ்டெல்லாவும் அங்கே ஸ்பார்க் மெஷின் ஓட்டினோம். செம்புக் கம்பியை இரும்பின் பக்கத்தில் கொண்டுபோனால், நடுவே மயிரிழை இடைவெளியில் மின்பொறி பறந்து இரும்பைப் பொடியாக அரிக்கும். அந்தப் பொடியை மண்ணெண்ணெய் ஓடிவந்து கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. சொல்லச் சுலபம்.

ஒரு நாள் குளச்சலிலிருந்து லூர்தம்மாள் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் சாக்கில் சுற்றிய மீன்பிடிப் படகின் எஞ்சின் ஹெட். போல்ட் துளையில் மரை வெட்டும்போது, வெட்டுகிற டேப் என்ற கருவி ஒடிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டதாம். கெட்டி எஃகு, டிரில் ஏறாது.

"மக்களே, நாளைக்கழிஞ்சு தடைக்காலம் முடியுது. எல்லா போட்டும் எறங்கும். எங்க போட்டு மட்டும் கரையில கெடக்கணுமா?"

தொடங்கினோம். கொஞ்ச நேரம் கடுகு பொரிகிற மாதிரி இதமான சத்தம். துளை ஆழமானதும் அது கரகரத்தது. பொறி மஞ்சளாகிப் புகைந்தது.

"ஏட்டி, நிறுத்து! ஒரே எடத்துல எரியுது," என்றாள் ஸ்டெல்லா.

கம்பி நுனியில் கட்டிக் கரி. கழுவின பொடி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மரையும் போயிருக்கும். நான் பெரிய அறிவாளியாக, எண்ணெய் பீய்ச்சும் பக்கவாட்டுக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். எண்ணெய் துளைக்குள் போகாமல் ஸ்டெல்லா முகத்தில் போய் அடித்தது.

"கொன்னுருவேன் உன்னை!"

லூர்தம்மாள் அக்கா அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டார்.

முகம் துடைத்துக்கொண்டே ஸ்டெல்லாதான் கேட்டாள்: "கம்பி எதுக்கு? குழாய் வச்சா உள்ளேருந்தே எண்ணெய் வருமே?"

பக்கத்து ஃப்ரிட்ஜ் கடைக்கு ஓடி ஒரு துண்டு செம்புக் குழாய் வாங்கி வந்தேன். குழாய்க்குள் எண்ணெய் விட்டோம். எண்ணெய் வேகம் கூடினால் பொறி நிலைக்காமல் தடுமாறியது. குறைத்தால் மறுபடி கரி. வால்வை நூலளவு திருப்பித் திருப்பி, ஒரு கட்டத்தில் கருப்புத் தண்ணீராகப் பொடி மேலே வந்தது. பிறகு சத்தம் மாறவே இல்லை. மதியம் தாண்டி, குழாயின் ஓட்டைக்குள் அரிபடாமல் மிஞ்சிய ஊசி போன்ற டேப் துண்டை இடுக்கியால் உருவினேன். லூர்தம்மாள் அக்கா போல்ட்டைத் தானே விரலால் திருகிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. எங்கள் இரண்டு பேரையும், எண்ணெய்ப் பிசுக்கோடு, கட்டிக்கொண்டார்.

ஸ்டெல்லா இப்போது மஸ்கட்டில். பட்டறை இருந்த இடம் ஒரு ஜவுளிக்கடையின் வண்டி நிறுத்தம். போன மாதம் அங்கே ஸ்கூட்டரை நிறுத்தினேன். மெஷின் நின்ற மூலைக்குப் பதினேழாம் நம்பர் போட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

"என்னம்மா, சேலை ஒண்ணும் எடுக்கலியா?" என்றார் காவலாளி.

"இல்லண்ணே, சும்மா பாக்க வந்தேன்."