கைவைக்காமல் இருக்கத் தெரியாதவர்

ஆஸ்டின் டவுனில் எங்கள் தெரு மொட்டைமாடிகளில் வயர்லெஸ் பெட்டிகளை வைத்து இன்டர்நெட்டை வீடு வீடாகக் கடத்தினோம். அதைப் பார்த்துக்கொண்டவர் ஒல்லியான மனிதர். உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எல்லாப் பெட்டிகளும் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், இருந்தால்தான் ஒன்றோடொன்று பேசும். அதனால் சேனல் மாற்றும்போது கடைசி வீட்டுப் பெட்டியில் தொடங்கவேண்டும். அன்று அவசரத்தில் தன் பக்கத்திலிருந்த பெட்டியை முதலில் மாற்றிவிட்டார். அதற்கு அப்பால் எல்லாமே அறுந்துபோனது. கடைசி வீட்டு அக்கா அப்போதுதான் துபாயிலிருந்த கணவரோடு கம்ப்யூட்டரில் பேசத் தொடங்கியிருந்தார்.

லேப்டாப்போடு அந்த ஒல்லி மனிதர் ஓட, நானும் ஓடினேன். ஒவ்வொரு பெட்டியாக மாற்றிக்கொண்டே போய்க் கடைசி மாடியிலும் அவர் சரிசெய்ததும், கீழே அக்காவின் குரல் மறுபடி கேட்டது.

“நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு, ஏண்ணா கைவச்சீங்க?” என்று அவரிடம் கேட்டேன்.

“இன்னும் கொஞ்சம் நல்லா வரும்னு தோணுச்சுப்பா.”

சொல்லும்போதே அவர் கை ஆன்டெனாவைத் திருப்பப் போனது. அக்கா பேசி முடிக்கும்வரை அந்தக் கையை நான் பிடித்தபடியே நின்றேன்.