அண்ணை கேட்ட மூன்று தமிழ்ச் சொற்கள்

முதல் நாள் பயிற்சியில், காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே அண்ணை என்னிடம் மூன்று தமிழ்ச் சொற்கள் கேட்டார். நான் அண்ணை என்று கூப்பிடும் அவர் ஹைட்டியில் பிறந்தவர். போர்த்துகல், சைப்ரஸ், வியட்நாம் என்று ஆறு நாட்டுக் காற்பந்துக் கழகங்களில் தடுப்பாட்டம் ஆடிவிட்டு, முப்பத்தாறு வயதில் ஒனிஹங்கா என்ற புறநகரில் எங்கள் சின்னக் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். நான் கோல்காப்பாளன். “பதறும்போது மனிதன் தாய்மொழியில்தான் கத்துவான். நீ பதறுவது எனக்கு விளங்க வேண்டும்,” என்றார் ஆங்கிலத்தில். விடு, அடி, பின்னால் என்று சொல்லிக்கொடுத்தேன். ‘விடு’ என்றால், நீ தொடாதே, பந்தை நான் வந்து பிடிக்கிறேன். மூத்தவரை ‘விடு’ என்பது மரியாதையில்லைத்தான். ஆனால் ‘விடுங்கோ அண்ணை’ என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து வலைக்குள் போய்விடும்.

பருவகாலம் முடிய நான்கு ஆட்டங்கள் இருக்கையில் ஒரு பந்து உயர்ந்து வந்தது. “விடு!” என்று கத்தினேன். அவர் விட்டார். நான்தான் வெளியே பாயாமல் தயங்கி நின்றேன். எதிரணிக்காரன் தலையால் தட்டிக் கோல் போட்டான், தோற்றோம். எல்லாரும் அண்ணையைத்தான் பார்த்தார்கள். கிழவனுக்குக் கால் ஓய்ந்துவிட்டது என்று பயிற்சியாளர் முடிவு கட்டினார். புதிய ஒப்பந்தம் இல்லையென்றால் அண்ணைக்கு விசா இல்லை, மனைவியும் மகளும் வர முடியாது. அப்படியும் அவர் வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயையும் சோற்றுக்குள் மறைத்துவிட்டதாக நினைத்தேன். எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். “தமிழிலதானே கத்தினனான், ஆருக்கு விளங்கியிருக்கும்?” என்று சமாளிக்கவும் பார்த்தேன்.

அவள் மா குழைத்த கையோடு திரும்பினாள். “ஓம், அங்க தமிழ் விளங்கின ஆக்கள் ரெண்டு பேர்தான். அந்த மனுசன் சொல்லாது. நீங்களும் சொல்லமாட்டியளோ?”

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு முன்பே போய்ப் பயிற்சியாளரிடம் ஒப்புக்கொண்டேன். நண்பனுக்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைத்து அவர் நம்ப மறுத்தார். அண்ணையைக் கூப்பிட்டு, இவன் என்ன கத்தினான், அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். அண்ணை என்னை முறைத்தார். கோல்காப்பாளனின் பிழையை எந்த நாட்டிலும் வெளியே சொல்லாத மனிதர். நான் தலையாட்டிய பிறகுதான் பதில் சொன்னார். அவருக்கு இன்னொரு வருடம் கிடைத்தது. மிச்ச ஆட்டங்களை நான் பெஞ்சில் இருந்து பார்த்தேன். எனக்கு அது வேண்டியதுதான்.

போன மாதம் அவருடைய மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்துக்கு என் காரில்தான் போனோம். அண்ணை என்னைக் காட்டித் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று அண்ணையிடம் கேட்டேன்.

“பந்துக்காக வெளியே வராதவன் இவன்தான் என்றேன். எனக்காக வெளியே வந்தவனும் இவன்தான் என்றேன்.”